ஹிட் பாட்டு எப்படி உருவாகிறது? ஆங்கிலப் பாப் இசைப் பட்டறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்னி ஸ்பியர்ஸ் முதல் தி வீக்கெண்ட் வரை வானொலியிலும் யூடியூபிலும் நாம் கேட்கும் ஆங்கிலப் பாப் பாட்டுகளுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்டாக்ஹோமில் இருந்த ஒரு ஸ்டுடியோவைச் சுற்றியே பதில்கள் அதிகம் வரும். கடந்த முப்பது ஆண்டுப் பாப் இசைக்கு அச்சு வார்த்த இடம் அது.

புரொட்யூசர் என்றால் பணம் போடுபவரா?

இல்லை. பணம் போடுவது ரெக்கார்ட் கம்பெனி. பாப் இசையில் புரொட்யூசர் என்பவர் நம் ஊர் இசையமைப்பாளர் செய்வதில் பாதியையும் சினிமா இயக்குநர் செய்வதில் பாதியையும் சேர்த்துச் செய்பவர். டிரம் எப்படி ஒலிக்க வேண்டும், எந்த இடத்தில் எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்க வேண்டும், பாடகர் எடுத்த இருபது டேக்கில் எது தேறும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பாட்டு எழுதுபவர் தனி ஆளாக இருக்கலாம், அவரேயாகவும் இருக்கலாம். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒருவரே.

எதற்கெடுத்தாலும் ஸ்வீடன் என்கிறார்களே, ஏன்?

டெனிஸ் பாப் என்ற பெயரில் அறியப்பட்ட ஒரு டிஸ்க் ஜாக்கியிடமிருந்து தொடங்க வேண்டும். இயற்பெயர் டாக் வோலே. முறையாக எந்த வாத்தியமும் கற்றவர் அல்ல. கிளப்பில் ரெக்கார்ட் போட்டுப் போட்டு, எந்த இடத்தில் கூட்டம் எழுந்து ஆடுகிறது, எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடுகிறது என்று பார்த்தே பாட்டைக் கற்றுக்கொண்டவர். 1992இல் டாம் டலோமா என்பவருடன் சேர்ந்து ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மன் பகுதியில் ஷெய்ரோன் ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

அந்தச் சமயத்தில் ஏஸ் ஆஃப் பேஸ் என்ற யாரும் அறியாத குழு அவருக்கு ஒரு டெமோ கேசட் அனுப்பியது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய நிசான் மைக்ரா காரின் டேப்பில் கேசட் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேறு வழியில்லாமல் அதையே கேட்டார். கேட்கக் கேட்க அதில் என்ன இருக்கிறது, எதைத் தூக்கி எறிந்தால் அது வெளியே வரும் என்று பிடிபட்டது. அந்தப் பாட்டுதான் 'ஆல் தட் ஷி வான்ட்ஸ்'. அடுத்து வந்த 'தி சைன்' 1994இல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் முதன்மைப் பாட்டாகவே ஆகிவிட்டது.

இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதே கேசட் வேறு ஒருவர் காரில் மாட்டியிருந்தால் அவர் மெக்கானிக்கைத்தான் தேடியிருப்பார்.

இன்னொரு காரணம் கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது, ஆனால் முக்கியமானது. ஸ்வீடனில் ஊராட்சிகளே நடத்தும் இசைப் பள்ளிகள் உண்டு. சாதாரண வீட்டுப் பிள்ளையும் குறைந்த செலவில் வாத்தியம் கற்கலாம். டெனிஸ் பாப்பின் சீடரான மேக்ஸ் மார்ட்டின் அப்படிக் கற்றவர்தான். அவர் கையில் முதலில் இருந்தது பிரெஞ்சு ஹார்ன். தனக்கு எல்லாம் கொடுத்தது அந்தப் பொதுக் கல்விதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மேக்ஸ் மார்ட்டின் யார்? பெயர் கேள்விப்பட்டதே இல்லையே?

கேள்விப்படாமல் இருப்பதையே அவர் விரும்புகிறார் போலும், பேட்டி கொடுப்பது அபூர்வம். 1971இல் பிறந்தவர், இயற்பெயர் கார்ல் மார்ட்டின் சாண்ட்பெர்க். கிளாம் மெட்டல் என்ற ராக் வகைக் குழு ஒன்றில் பாடகராக இருந்தார். குழு தேறவில்லை. டெனிஸ் பாப் அவரை ஷெய்ரோனுக்குள் இழுத்துக்கொண்டு பெயரையும் மாற்றிவிட்டார்.

டெனிஸுக்குத் தாளம் தெரியும், மார்ட்டினுக்கு மெட்டு தெரியும். 1998இல் புற்றுநோயால் டெனிஸ் பாப் இறந்தபோது வயது 35. ஸ்டுடியோ 2000இல் மூடப்பட்டது. மார்ட்டின் நிற்கவில்லை. கேட்டி பெர்ரி, டெய்லர் ஸ்விஃப்ட், அரியானா கிராண்டே, தி வீக்கெண்ட் என்று தலைமுறை மாற மாற அவர் பெயர் அடியில் வந்துகொண்டே இருந்தது. அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளை எழுதியவர்கள் வரிசையில் 2024இல் ஜான் லெனனைத் தாண்டினார். இப்போது முன்னால் இருப்பவர் பால் மெக்கார்ட்னி ஒருவர்தான்.

மெட்டு முதலிலா, வரிகள் முதலிலா?

ஷெய்ரோன் பள்ளியில் மெட்டுதான் முதலில். நம் சினிமாவில் இசையமைப்பாளர் தத்தகாரம் பாடிக் கொடுக்க, கவிஞர் அதில் சொல்லை உட்கார வைப்பார் அல்லவா, ஏறத்தாழ அதே முறை. மெட்டு உருவாகும்போது வாயில் வரும் ஏதோ ஒரு ஓசை, பாதி ஆங்கிலம், பாதி உளறல். பிறகு அந்த ஓசைக்கு இசைவான சொல்லைத் தேடுவார்கள். பொருளுக்கு இசைவான சொல் இரண்டாம் பட்சம்.

இதற்குச் சரியான சாட்சி பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் 'ஐ வான்ட் இட் தட் வே' (1999). மார்ட்டினும் ஆன்ட்ரியாஸ் கார்ல்சனும் எழுதியது. அந்த 'தட் வே' எந்த வே என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. பல்லவி ஒன்று சொல்கிறது, சரணம் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ரெக்கார்ட் கம்பெனி இதைக் கவனித்து, பொருள் விளங்கும்படி வரிகளை மாற்றி இன்னொரு வடிவத்தையும் பதிவு செய்ய வைத்தது. குழுவினர் இரண்டையும் கேட்டுவிட்டுப் பழையதுதான் வேண்டும் என்றார்கள். மாற்று வடிவத்தைக் கேட்டால் அவர்கள் சொன்னது சரி என்று உங்களுக்கும் தோன்றும். பொருள் வந்துவிட்டது, ஆனால் வாயில் உருளவில்லை.

ஆங்கிலம் தாய்மொழி இல்லாததும் இங்கே ஒரு பலம். தாய்மொழிக்காரர் எழுதக் கூசும் வரியை அவர்கள் ஓசைக்காகத் துணிந்து எழுதினார்கள். சில சமயம் வம்பும் வந்தது. பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடிய 'பேபி ஒன் மோர் டைம்' பாட்டில் வரும் 'ஹிட் மீ' என்பதற்கு, எனக்கு போன் செய் என்பதுபோல ஒரு பொருள் இருப்பதாக ஸ்டாக்ஹோமில் நினைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் காதுக்கு அது 'என்னை அடி' என்றுதான் கேட்டது. பிரிட்னிக்கு முன் இந்தப் பாட்டு போன டி.எல்.சி. என்ற அமெரிக்கப் பாடகியர் குழு இதனாலேயே அதை மறுத்தது. கடைசியில் தலைப்பில் அந்த இரண்டு சொற்களை நீக்கி மூன்று புள்ளி வைத்து வெளியிட்டார்கள்.

மார்ட்டின் சொல்லும் 'மெலடிக் மேத்' என்றால் கணக்குப் போட்டு மெட்டுப் போடுவதா?

கால்குலேட்டர் எதுவும் இல்லை. முதல் வரியில் எத்தனை அசை, எந்த அசையில் அழுத்தம் என்று பார்த்து, இணை வரியிலும் அதையே கண்டிப்பாகக் காப்பாற்றுவதுதான் அந்தக் கணக்கு. ஒரு வரியில் எட்டு அசை என்றால் அடுத்ததில் ஒன்பது வரக்கூடாது. கூடுதலாக ஒரு 'தி', ஒரு 'அண்ட்' நுழைந்தால் எழுதியவர் அதை நியாயப்படுத்துவார், மார்ட்டின் வெட்டிவிடுவார். வண்ணப்பாட்டும் சந்தமும் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. புதிது என்னவென்றால் இவர்கள் இதில் காட்டும் பிடிவாதம்.

கணக்கின் அடுத்த பாதி, பாட்டின் பகுதிகளுக்கு இடையிலான வித்தியாசம். சரணம் பரபரவென்று சின்னச் சின்னச் சுரங்களில் ஓடினால் கோரஸ், அதாவது பல்லவி, நீண்ட சுரங்களில் விரிய வேண்டும். கோரஸ் முதல் தட்டில் தொடங்கினால் அதற்கு முந்தைய பகுதி தட்டுக்குப் பிறகு தொடங்க வேண்டும். கேட்பவருக்கு இது எதுவும் தெரியாது. ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

'பேபி ஒன் மோர் டைம்' பாட்டையே மறுபடி போட்டுக் கேளுங்கள். பியானோவில் மூன்றே அடி, அடுத்த நொடி குரல். பாட்டு யாருடையது என்று மூன்று சுரத்தில் தெரிந்துவிடுகிறது. கடைசி நிமிடத்தில் இன்னொரு வேலை நடக்கிறது. சரணமும் கோரஸும் அல்லாமல் நடுவில் ஒருமுறை வரும் பிரிட்ஜ் பகுதியில் தனியாக வந்த மெட்டை மறுபடி கொண்டுவந்து கோரஸின் மேல் ஏற்றுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, மோதிக்கொள்ளவில்லை. முதலிலேயே இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த இடத்தை நான் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை, பாட்டே பிடிக்காதவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள்.

'டிராக் அண்ட் ஹூக்' முறை என்பது என்ன?

மேலே சொன்னது இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பாட்டைச் செதுக்கும் முறை. இது அப்படியல்ல. ஒருவர் டிரம், பேஸ், கீபோர்டு எல்லாம் வைத்துப் பாடலில்லாத டிராக்கை முடித்துவிடுவார். பிறகு அதை டாப்லைனர் எனப்படும் மெட்டும் வரியும் போடுபவரிடம் கொடுப்பார். ஒரே டிராக் நான்கு டாப்லைனர்களிடம் போகலாம். எது நன்றாக வந்ததோ அது பிழைக்கும்.

நார்வேயிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஸ்டார்கேட் என்ற இரட்டையரும் டாப்லைனர் எஸ்டர் டீனும் இந்த முறையில் பேர்பெற்றவர்கள். ரிஹானாவின் 'ரூட் பாய்' அப்படிப் பிறந்தது. எஸ்டர் டீன் மைக் முன்னால் நிற்பார், கையில் போன். பத்திரிகையிலும் டிவியிலும் கண்ணில் பட்ட சொற்றொடர்களை அதில் சேர்த்து வைத்திருப்பார். டிராக் ஓட ஓட வாய்க்கு வந்ததைப் பாடுவார். பெரும்பாலும் குப்பை. நடுவில் ஒரு துண்டு மட்டும் எல்லோரையும் நிமிர வைக்கும். அதுதான் ஹூக்.

ரிஹானா போன்றவர்களின் ஆல்பத்துக்குப் பல ஸ்டுடியோக்களை வாடகைக்கு எடுத்து, ஒரே சமயத்தில் பல ஜோடிகளை உட்கார வைத்து எழுத்து முகாம் நடத்துவதும் உண்டு. பாட்டு மலையாகக் குவியும், ஆல்பத்துக்கு பத்துப் பன்னிரண்டு போதும். இதில் உற்பத்தி அதிகம், ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு: கோரஸ் பிரமாதமாக இருக்கும், சரணத்தை யாரும் பெற்ற பிள்ளையாகப் பார்ப்பதில்லை.

ஒரு பாட்டுக்குப் பத்துப் பேர் எழுத்தாளர்களா? அது எப்படி?

டாப்லைனர், டிராக் போட்டவர், இரண்டு வரி திருத்தியவர் என்று பெயர்கள் சேர்வது ஒரு பக்கம். சாம்பிள் எடுத்தால், அதாவது பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சேர்த்தால், பழைய பாட்டுக்காரர்களும் உள்ளே வருவார்கள். ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் தி கிளாஷ் குழுவினர் பெயர் இருப்பது அதனால்தான். அவர்களுடைய 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டின் மேல் கட்டப்பட்டது அது.

2015க்குப் பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு மார்ச் மாதம் 'பிளர்ட் லைன்ஸ்' பாட்டு மார்வின் கே பாட்டைப் பின்பற்றியது என்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. ஜூரி விதித்தது சுமார் 74 லட்சம் டாலர். நீதிபதி அதைப் பின்னர் சுமார் 53 லட்சமாகக் குறைத்தார். சில வாரங்களுக்குள் மார்க் ரான்சனின் 'அப்டவுன் ஃபங்க்' பாட்டில் கேப் பேண்ட் குழு சார்பில் ஐந்து பேர் சேர்க்கப்பட்டு எழுத்தாளர் எண்ணிக்கை 11 ஆனது. வழக்குக்கு நிற்பதைவிடப் பங்கு கொடுப்பது மலிவு.

பாடகர் ஒரு வரிகூட எழுதாமல் எழுத்தாளராகப் பெயர் போட்டுக்கொள்வது உண்மையா?

உண்மைதான். பழைய வழக்கமும்கூட. பெரிய பாடகர் பாட வேண்டுமென்றால் பங்கு கொடு என்பது சொல்லாமல் சொல்லும் நிபந்தனை. 2021இல் எமிலி வாரன், ஜஸ்டின் டிரான்டர் உள்ளிட்ட பாடலாசிரியர்கள் சேர்ந்து, எழுதாதவர்களுக்கு இனி எழுத்துப் பங்கு தரமாட்டோம் என்று பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் புதியவரால் அதைச் சொல்லிவிட்டு ஸ்டுடியோவில் இருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் பாடகருக்கு என்னதான் வேலை?

மிகப் பெரிய வேலை. மார்ட்டின் தன் டெமோவைத் தானே பாடுவார். மூச்சு எங்கே, இழுப்பு எங்கே என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அதைக் கேட்டுப் பலரால் பாடிவிட முடியும், தன்னுடையதாக்க முடியாது. 1998இல் பதினாறு வயதில் ஸ்டாக்ஹோம் வந்த பிரிட்னி, பதிவுக்கு முந்தைய இரவு வேண்டுமென்றே தூங்காமல் விழித்திருந்தாராம், குரல் கரகரப்பாக வர வேண்டும் என்று. அந்தக் கரகரப்பை எந்தப் புரொட்யூசரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிறகு வருவது தொகுப்பு வேலை. பல டேக்குகளிலிருந்து சொல் சொல்லாக, சில சமயம் அசை அசையாகப் பொறுக்கி ஒரே குரலாக ஒட்டுவார்கள். கேட்கும்போது ஒரே மூச்சில் பாடியது போலிருக்கும்.

ஆட்டோட்யூன் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாடலாமா?

சுருதியைத் திருத்தும், உயிரைத் திருத்தாது. 1997இல் வந்த இந்த மென்பொருளை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் தேடுவதற்காக நிலத்துக்கு அடியில் போகும் ஒலி அலைகளை ஆராய்ந்தவர். 1998இல் ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் அந்த மென்பொருளைக் கடைசி வரை முறுக்கி, குரல் படிக்கட்டு ஏறுவதுபோல உடையும்படி செய்தார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது அந்தப் புரொட்யூசர்கள் வேறு ஒரு கருவியின் பெயரைச் சொல்லிச் சமாளித்தார்கள். தொழில் ரகசியம்!

ஹிட் ஆகுமா என்று முன்கூட்டியே எப்படிச் சோதிக்கிறார்கள்?

டெனிஸ் பாப்புக்கு டான்ஸ் ஃப்ளோர். அவருக்கு முப்பது ஆண்டு முன்னால் டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனி நடத்திய பெர்ரி கோர்டி வெள்ளிக்கிழமை காலைகளில் கூட்டம் போடுவார். கோர்டி கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தரப் பரிசோதனை என்ற யோசனையையே அங்கிருந்துதான் கொண்டுவந்தார். பாட்டைப் போட்டுவிட்டு ஒரு கேள்வி: கையில் கடைசி ஒரு டாலர், பசி வேறு, இந்த ரெக்கார்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? கை தூக்கச் சொல்வார். சாண்ட்விச் ஜெயித்தால் பாட்டு வெளியே போகாது. பெரிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு முடிவெடுக்காமல், கார் ரேடியோ அளவுச் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்த்தார்கள். வாங்குகிறவன் அதில்தானே கேட்கப் போகிறான். லாஸ் ஏஞ்சலிஸ் புரொட்யூசர்கள் இன்றும் மிக்ஸை எடுத்துக்கொண்டு காரில் ஒரு சுற்றுப் போய்வருவது இதன் தொடர்ச்சிதான்.

பாட்டு தொடங்கியவுடனே பாட ஆரம்பித்துவிடுகிறார்களே, முன்னிசை எங்கே போயிற்று?

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டால் காசு இல்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, எண்பதுகளின் நடுவில் அமெரிக்க ஹிட் பாட்டுகளில் குரல் வருவதற்கு முன் சராசரியாக 20 விநாடிக்கு மேல் முன்னிசை இருந்தது, 2015 வாக்கில் அது சுமார் 5 விநாடியாகச் சுருங்கிவிட்டது என்று காட்டியது.

வீட்டில் ஒரு லேப்டாப் வைத்துக்கொண்டு ஹிட் கொடுக்க முடியுமா?

கொடுத்திருக்கிறார்கள். 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டுக்கான பீட்டை, அதாவது பாடலில்லாத டிராக்கை, லில் நாஸ் எக்ஸ் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கினார். போட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். 2019இல் 19 வாரம் தொடர்ந்து முதலிடம். அதை அங்கிருந்து இறக்கியது பில்லி ஐலிஷின் 'பேட் கை'. அதுவும் அண்ணன் ஃபினியஸ் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் செய்ததுதான். சிட்னியில் சாலையைக் கடக்கும் சிக்னல் கொடுக்கும் டிக்டிக் சத்தத்தை ஃபினியஸ் பதிவு செய்து தாளத்துக்குள் நுழைத்திருக்கிறார்.

ஸ்டுடியோ செலவு இப்போது தடை இல்லை. காது தான் தடை.

பணம் யாருக்குப் போகிறது?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துக்கள் உண்டு. எழுதப்பட்ட பாட்டு ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஒலி மற்றொன்று. முதலாவது எழுத்தாளர்களுக்கும் அவர்களுடைய பதிப்பகத்துக்கும், இரண்டாவது பெரும்பாலும் ரெக்கார்ட் கம்பெனிக்கு. அமெரிக்காவில் ஒரு பாட்டு விற்றால் எழுத்தாளர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட். 2023இல்தான் 12 சென்ட் ஆனது. பதினொரு பேர் இருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள்! ஒலியின் வருமானத்தில் புரொட்யூசருக்குச் சில சதவீதம் உண்டு. வெறும் டாப்லைனருக்கு அதுவும் இல்லை, பாட்டு வெளிவராவிட்டால் உழைத்த நாளுக்குக் கூலியும் இல்லை.

ஃபார்முலா இருக்கிறதா, இல்லையா?

பழக்கங்கள் இருக்கின்றன. ஃபார்முலா இருந்தால் டி.எல்.சி. அந்தப் பாட்டை விட்டிருக்காது. 'அம்ப்ரெல்லா'வை பிரிட்னி தரப்பு வேண்டாம் என்றது, 2007இல் ரிஹானாவை அது எங்கேயோ கொண்டுபோனது. அதன் டிரம் ஆப்பிள் கணினியோடு இலவசமாக வரும் கராஜ்பேண்ட் மென்பொருளில் எல்லோருக்கும் கிடைக்கும் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு. அதே லூப் கோடிப் பேர் கணினியில் சும்மா கிடந்தது.

நல்ல புரொட்யூசரிடம் நான் காண்பது விடாப்பிடியாகக் கழித்துக்கொண்டே போகும் குணம். 'அப்டவுன் ஃபங்க்' முடிய மாதக்கணக்கில் ஆனது. கிடார் பகுதி சரியாக வராத அழுத்தத்தில் ரான்சன் ஓர் உணவகத்தில் மயங்கி விழுந்தார். நான்கு நிமிடச் சந்தோஷப் பாட்டு அது!

கேட்டுப் பழக எதிலிருந்து தொடங்கலாம்?

ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 'தி சைன்' பாட்டில் ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். கெல்லி கிளார்க்சனின் 'சின்ஸ் யூ பீன் கான்' பாட்டில் கோரஸ் வெடிப்பதற்குச் சற்று முன் என்னென்ன அடங்குகின்றன என்று கவனியுங்கள். 'பிளைண்டிங் லைட்ஸ்' பாட்டில் கீபோர்டு வாசிக்கும் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வாருங்கள். பாட்டின் உண்மையான ஹூக் வீக்கெண்டின் வாயில் இல்லை, அங்கே இருக்கிறது.